காய்ச்சல் விட்ட பிறகு தொடங்கும் ஆபத்து

டெங்கு என்று சந்தேகித்து இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினால், ரிப்போர்ட்டுடன் திரும்பி வரும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி "பிளேட்லெட் எவ்வளவு டொக்டர்?" என்பதுதான். கொழும்பு வெள்ளவத்தையில் குடும்ப வைத்தியம் பார்க்கும் எனக்கு, தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் இந்தக் கேள்வி ஓயாது. நவம்பர் மழையோடு அது மறுபடியும் வரும். பிளேட்லெட் என்பது இரத்தம் உறைய உதவும் சிறு அணுக்கள், ஆகவே நியாயமான கேள்விதான். ஆனால் அதே தாளில் பி.சி.வி. அல்லது எச்.சி.டி. என்று அச்சிட்ட இன்னொரு எண் இருக்கிறது. இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது என்பதை அது காட்டும். அதை யாரும் கேட்பதில்லை. நான் முதலில் தேடுவது அதைத்தான்.

ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1950களில் மணிலாவிலும் பிறகு பாங்கொக்கிலும் காய்ச்சல் வந்த பிள்ளைகள், காய்ச்சல் குறைந்த நேரத்தில் திடீரென்று கைகால் குளிர்ந்து, இரத்த அழுத்தம் விழுந்து உறுப்புகளுக்கு இரத்தம் போதாத அதிர்ச்சி நிலைக்குப் போய் இறந்தார்கள். பாங்கொக் சிறுவர் வைத்தியசாலையின் சுசித்ரா நிம்மானித்யா போன்ற மருத்துவர்கள், நோயாளிப் பிள்ளைகளைக் கட்டிலருகே இருந்து மணிக்கணக்காக அவதானித்து எழுதிய குறிப்புகளிலிருந்துதான் விடை தெளிவானது. டெங்கு இரத்தப்போக்கு நோயில், இரத்தம் வெளியே கொட்டுவதற்கு முன்பே இரத்தக் குழாய்ச் சுவர்கள் கசியத் தொடங்குகின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா நெஞ்சறைக்குள்ளும் வயிற்றறைக்குள்ளும் இறங்குகிறது. குழாய்க்குள் மிஞ்சும் இரத்தம் தடிக்கிறது, அழுத்தம் விழுகிறது. 40 ஆக இருந்த பி.சி.வி. 48 ஆனால் அது ஐந்திலொரு பங்கு ஏற்றம். கசிவு நடக்கிறது என்று அர்த்தம். பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்குவது, கசிவு நெருங்குகிறது என்ற முன்னறிவிப்பு. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். பெரும்பாலும் அது தொடங்குவது காய்ச்சல் விடும் வேளையில், மூன்றாம் நாளுக்குப் பிறகு. பிள்ளைக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது, இனிப் பள்ளிக்கூடம் அனுப்பலாம் என்று தாய் நிம்மதி அடையும் அதே நாள். இந்த ஒன்றை மட்டும் யாராவது மனதில் வைத்துக்கொண்டால் எனக்குப் போதும். காய்ச்சல் விட்டும் பிள்ளை சோர்ந்து கிடந்தால், வயிறு நொந்தால், விடாமல் சத்தி எடுத்தால், கைகால் குளிர்ந்தால், ஆறு மணித்தியாலம் சிறுநீர் போகாவிட்டால், அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இவ்வளவுகூடக் காத்திருக்கக் கூடாது.

நாங்கள் சொல்லும் கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒரு காரணம் இருக்கிறது. காரணத்தைச் சொல்லாமல் கட்டளை மட்டும் இட்டால் வீட்டில் யாரும் கேட்பதில்லை, அது இயல்பு. பனடோல் மட்டும் போதும், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம் என்பது, அவை வயிற்றில் இரத்தக்கசிவைத் தூண்டும் என்பதால். காய்ச்சல் கடுமையாக இருக்கிறதே என்று பார்மசியில் கேட்டு வாங்கிப் போடும் ஒரு வில்லை பெரிய தொல்லையாக முடியலாம். பீட்ரூட் சாறும் மைலோவும் வேண்டாம் என்பது, சத்தி எடுத்தால் அது இரத்தமா சாறா என்று எங்களுக்குத் தெரியாமல் போகும் என்பதால். வளர்ந்தவருக்கு ஒரு நாளில் இரண்டரை லீற்றர் அளவில் கஞ்சி, ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல், செவ்விளநீர், சூப் எனக் கொடுங்கள். வெறும் தண்ணீர் மட்டும் போதாது.

"ஒரு போத்தல் சேலைன் ஏத்தி விடுங்கோ டொக்டர், தெம்பா இருக்கும்" என்பார்கள். அந்த அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் கசியும் நேரத்தில் அதிகமாக ஏற்றும் நீர் குழாய்க்குள் நிற்காது, நெஞ்சறைக்குள் போகும். கசிவு நின்றதும் வெளியேறிய நீரெல்லாம் இரத்தத்துக்குத் திரும்பும்போது நுரையீரல் தாங்காமல் மூச்சு முட்டும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் மணிக்கு இவ்வளவு மில்லிலீற்றர் என்று எழுதி, சிறுநீரை அளந்து, பி.சி.வி.யைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். தாய்லாந்தில் பிறந்த இந்த முறையை எங்கள் நாட்டு மருத்துவர்கள் கற்றுவந்து வழிகாட்டி நூலாக்கினார்கள். கடுமையான டெங்குவில் நேரத்தோடு கண்டறிந்து முறையாகக் கவனித்தால் இறப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வைரஸைக் கொல்லும் மருந்து கைக்கு எட்டாமலே, அளந்து ஊற்றும் நீரால் மட்டும் கிடைத்த வெற்றி இது. நினைக்கும்போதெல்லாம் வியப்பாக இருக்கும்.

பிளேட்லெட் ஏற்றுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். எண் குறைந்துவிட்டது, இரத்தப்போக்கு இல்லை. அப்போதும் முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றினால் நல்லதா? சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஏற்றியதால் இரத்தப்போக்கு குறையவில்லை, ஒவ்வாமை போன்ற தொல்லைகள்தான் கூடின. பப்பாசி இலைச் சாறும் அப்படித்தான். அது எண்ணைக் கூட்டுகிறதா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும், கசிவை அது நிறுத்துமென்று யாரும் காட்டவில்லை. சாறு கொடுத்த நம்பிக்கையில் ஆஸ்பத்திரிக்குப் போகப் பிந்துவதுதான் எனக்குப் பயம்.

சரி, நுளம்புக்கு வருவோம். நோயாளி இருக்கும் வீட்டுக்குப் போனால், வெளிக்கிடும்போது பல்கனியில் பூச்சாடித் தட்டுகளைக் குனிந்து பார்ப்பது என் வழக்கம். "நேற்றுத்தான் தண்ணியை ஊத்தினனாங்கள்" என்பார்கள். உண்மையாகவே ஊற்றியிருப்பார்கள். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு முட்டையை நீருக்குள் இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கிறது. கரும்புள்ளி போன்ற அந்த முட்டைகள் காய்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும். அடுத்த மழைக்கு நீர் ஏறித் தொட்டதும் பொரிக்கும். ஏழு, பத்து நாளில் பறக்கத் தொடங்கும். ஆகவே ஊற்றினால் போதாது, தேங்காய்த் தும்பால் உரசிக் கழுவ வேண்டும், வாரம் ஒருமுறை. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, ஏ.சி. நீர் விழும் வாளி, மணிபிளான்ட் போத்தல், பீலி எல்லாம் இதில் அடங்கும். மாடிக் குடியிருப்பென்றால் மொட்டை மாடிச் சிலாபும் லிஃப்ட் குழியும் யாருடைய பொறுப்பு என்று நிர்வாகக் குழு எழுத்தில் வைத்திருப்பது நல்லது. எல்லாருக்கும் பொதுவான இடத்தை யாரும் பார்ப்பதில்லை.

புகை அடித்தால் எல்லாருக்கும் திருப்தி. ஆனால் அந்த நேரம் பறந்துகொண்டிருக்கும் நுளம்பை மட்டும்தான் புகை கொல்லும். குடம்பிக்கும் முட்டைக்கும் ஒன்றுமில்லை, அளவுக்கு மீறி அடித்தால் நுளம்பு மருந்துக்கும் பழகிவிடும். நம்பிக்கை தருவது வேறொரு வழி. பழ ஈ உட்படப் பூச்சி இனங்களில் ஏறக்குறைய பாதியில் இயற்கையாக வாழும் வொல்பாக்கியா என்ற பக்டீரியாவை, அது இயல்பில் இல்லாத ஈடிஸ் நுளம்புக்குள் செலுத்தினால் டெங்கு வைரஸ் அதற்குள் நன்றாகப் பெருகாது. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நகரில் அத்தகைய நுளம்புகளை விட்ட பகுதிகளில் டெங்கு 77 வீதம் குறைந்ததாக 2021இல் முடிவு வெளியானது. தங்கள் முற்றத்தில் நுளம்பு முட்டை வாளியை வைக்க அங்குள்ள மக்கள் சம்மதித்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. கொழும்பிலும் நுகேகொடையிலும் 2020இல் இந்த நுளம்புகளை விடத் தொடங்கியபோது, புது நோய் பரப்பப் போகிறார்கள் என்று பயந்து என்னிடம் வந்து கேட்டவர்கள் உண்டு. கேட்டது நல்லது. வொல்பாக்கியா மனிதருக்கு நோய் தருவதில்லை.

நுளம்பை வென்ற அனுபவம் இந்த நாட்டுக்கு உண்டு. வென்றபின் அசட்டையாக இருந்த அனுபவமும் உண்டு. 1934, 35இல் மலேரியா ஏறக்குறைய 80,000 பேரைக் கொன்றது. 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளிகள்தான். இனிப் பயமில்லை என்று மருந்தடிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969இல் எண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. பிறகு பல ஆண்டு உழைத்து, 2016 செப்டெம்பரில்தான் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. அதே ஆண்டின் முடிவில் மன்னாரில், இலங்கையில் அதுவரை காணாத மலேரியா நுளம்பு வகையொன்றைக் கண்டுபிடித்தார்கள். நோய் இல்லாத ஊரிலும் கிணறு கிணறாகப் போய்க் குடம்பி தேடிக்கொண்டிருந்ததால் கிடைத்த தகவல் அது.

டெங்குவுக்கும் இப்படி ஒரு தேடல் நடக்கிறது, அதில் நமக்கும் பங்கிருக்கிறது. 2008 அளவில் கொழும்பு நகரில் 12 வயதுக்குட்பட்ட ஏறக்குறைய 800 பிள்ளைகளின் இரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வில், பாதிப் பேருக்கு டெங்கு ஏற்கெனவே வந்துபோயிருந்தது தெரிந்தது. பலருடைய பெற்றோருக்கு அது தெரிந்தே இருக்காது. வைரஸில் நான்கு வகை இருப்பதால், ஒன்று வந்துபோனவரை வேறொரு வகை இரண்டாம் முறை தாக்கும்போது கடுமையாகும் வாய்ப்பு அதிகம். 2017இல் 186,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு 400க்கும் மேற்பட்டோர் இறந்த கொள்ளைநோயின்போது, முந்தைய ஆண்டுகளில் அவ்வளவாகக் காணப்படாத இரண்டாம் வகையே மேலோங்கியிருந்தது. இப்படிப்பட்ட தகவல்தான் பிள்ளைகளுக்கான தடுப்பூசி முடிவுகளுக்கு ஆதாரம். அந்த ஆய்வுக்கு ஊசி குத்தக் கையை நீட்டிய பிள்ளைகளும் சம்மதித்த பெற்றோரும் நமக்குச் செய்தது பெரிய உதவி.

டெங்கு சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். சந்தேகம் என்றாலே வைத்தியர் படிவம் அனுப்ப வேண்டும். அது சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போய், பி.எச்.ஐ. எனும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உங்கள் வாசலுக்கு வருவார். இங்கேதான் நம்மவர்கள் செய்யும் ஒன்று என்னை வருத்துகிறது. யாழ்ப்பாணத்திலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வந்து கொழும்பில் உறவினர் வீட்டிலோ போர்டிங்கிலோ தங்கியிருப்பவர், ஆஸ்பத்திரி அனுமதிப் படிவத்தில் அடையாள அட்டையிலுள்ள ஊர் முகவரியைக் கொடுத்துவிடுகிறார். பி.எச்.ஐ. ஊரிலுள்ள வீட்டைச் சோதிப்பார். நோயாளி தங்கியிருந்த ஒழுங்கையை யாரும் பார்க்கமாட்டார்கள், அங்கே அடுத்த அறைப் பிள்ளைக்கும் வரும்.

அதனால் படிவம் நிரப்பும்போது இப்போது படுத்தெழும்பும் இடத்தின் முகவரியைச் சொல்லுங்கள். ஈடிஸ் கடிப்பது பகலில், கடித்து நான்கு முதல் பத்து நாளில்தான் காய்ச்சல் வரும். பிள்ளை அந்த நாட்களில் எந்த டியூஷன் வகுப்பில் இருந்தது, நீங்கள் செட்டியார் தெருவில் எந்தக் கடையில் வேலை செய்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பி.எச்.ஐ. வந்தால் தண்டப்பணத்துக்குப் பயந்து கதவை மூடாதீர்கள். மொட்டை மாடிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு அவருடன் மேலே ஏறிப் போங்கள்.