தண்ணீரில் ஆற்றலைச் சேமிக்கலாம்: உயரத்திலா, சூட்டிலா, குளிரிலா?

மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு குட்டி டர்பைனைப் பொருத்தி விளக்கை எரிய வைக்கும் காணொளிகள் நிறையச் சுற்றுகின்றன. விளக்கு எரிவது உண்மைதான். எவ்வளவு நேரம் எரியும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

கணக்கு எளிது. 1000 லிட்டர் தண்ணீர், 10 மீட்டர் உயரம்: 1000 × 9.81 × 10 = 98,100 ஜூல், அதாவது 27 வாட் மணி. சின்ன டர்பைனும் ஜெனரேட்டரும் அதில் பாதியை விழுங்கிவிடும். மிஞ்சும் 13 வாட் மணியில் 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றரை மணி நேரம்கூட எரியாது. அந்தத் தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் எடுத்திருப்பதோ 60, 70 வாட் மணி. போதாக்குறைக்கு, குழாயில் டர்பைன் இருந்தால் கீழே தண்ணீர் வரும் வேகமும் குறையும். இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

உயரத்தில் சேமிப்பது, அதாவது மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலேற்றி வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது, மலையும் ஏரியும் இருக்கும் இடத்துக்கான வேலை. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 1984-இல் திறக்கப்பட்ட டினோர்விக் நிலையத்தில் மேல், கீழ் நீர்த்தேக்கங்களுக்கு இடையே ஏறத்தாழ 500 மீட்டர் வித்தியாசம். ஒரு முறை நிரப்பினால் சுமார் 90 லட்சம் யூனிட் (ஒரு யூனிட் என்பது 1000 வாட் மணி) கிடைக்கும். டர்பைன்களைச் சுழன்றபடி தயார் நிலையில் வைத்திருந்தால் 20 விநாடிக்குள் 1,300 மெகாவாட்டைத் தொட்டுவிடும். பம்பில் கொஞ்சம், டர்பைனில் கொஞ்சம், குழாய் உராய்விலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் கொஞ்சம் எனப் போக, இத்தகைய நிலையங்களில் உள்ளே விட்ட 100 யூனிட்டுக்கு 70 முதல் 80 யூனிட் வரை திரும்புகிறது. மின்சாரத்தை மின்சாரமாகவே திரும்பப் பெற, தண்ணீரை வைத்து இதைவிட நல்ல வழி கிடையாது.

இங்கே கோளாறு பெரும்பாலும் பெரிய இயந்திரத்தில் தொடங்குவதில்லை. 2005 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டாம் சாக் நிலையத்தின் மேல் நீர்த்தேக்கம் நிரம்பி வழிந்து கரை உடைந்தது. நீர்மட்ட அளவிகள் பிடிமானத்திலிருந்து கழன்றிருந்ததால், உண்மையைவிடக் குறைந்த மட்டத்தையே காட்டின. நிரம்பியதும் பம்பை நிறுத்த வேண்டிய அவசர உணரிகளோ கரையின் தாழ்வான இடத்தைவிட உயரமாக அமைந்திருந்தன. தண்ணீர் அவற்றைத் தொடும் முன்பே வழியத் தொடங்கிவிட்டது. அவசர உணரியின் உயரத்தைக் கரையின் மிகத் தாழ்ந்த புள்ளியிலிருந்து அளக்க வேண்டும். கட்டிய நாளில் அளந்தது போதாது, மண்கரை காலப்போக்கில் அமிழும்.

இனி சூட்டுக்கு வருவோம். தண்ணீரை 1 டிகிரி சூடாக்கும் ஆற்றல், அதே தண்ணீரை 427 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதும். முதலில் பார்த்த அதே 1000 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் சுமார் 46 யூனிட் உள்ளே இருக்கும். ஆனால் இந்த வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்க முயல்வது வீண். இவ்வளவு குறைந்த வெப்பநிலையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. குளிக்க, துவைக்க, அறையைச் சூடாக்க என வெப்பமாகவே செலவழிப்பதானால் இதைப்போல மலிவான சேமிப்பு இல்லை. பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தை பேட்டரியில் ஏற்றி, இரவில் அதே பேட்டரியால் தண்ணீர் காய்ச்சுபவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

சுடுநீர்த் தொட்டியில் கவனிக்க வேண்டியது அடுக்கு. சூடான நீர் மேலேயும் குளிர்ந்தது கீழேயும் கலக்காமல் நிற்க வேண்டும். பாதி 60 டிகிரி, பாதி 20 டிகிரி என்றிருக்கும் தொட்டி கலங்கினால் முழுவதும் 40 டிகிரி ஆகிவிடும். ஆற்றல் அளவு அதேதான், பயன்தான் போச்சு. அதனால் குட்டையான தொட்டியைவிட, விட்டத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு உயரமுள்ள தொட்டி நல்லது. குளிர்நீர் உள்ளே வரும் வாயில் ஒரு தடுப்புத் தகடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பீய்ச்சி அடித்துக் கலக்கிவிடும்.

மின்சாரம் மிச்சம் என்று தெர்மோஸ்டாட்டை 45 டிகிரிக்கு இறக்கி வைக்கும் பழக்கம் ஆபத்தானது. 20 முதல் 45 டிகிரி வரை லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். ஷவர் திவலையோடு நுரையீரலுக்குள் போனால் கடுமையான நிமோனியா வரலாம். 60 டிகிரியில் சேமித்து, வெளியேறும் குழாயில் குளிர்நீரைக் கலக்கும் மிக்ஸிங் வால்வு வைத்துச் சூட்டைக் குறைத்துக்கொள்வதே சரி.

இன்னொன்று, சூடாகும்போது சேஃப்டி வால்வில் சொட்டும் நீர். 300 லிட்டர் 20-லிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது சுமார் 4.5 லிட்டர் விரியும். குளிர்நீர்க் குழாயில் நீரைத் திரும்பிப் போக விடாத நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தால் அந்த விரிவு போக வேறு வழியில்லை, சொட்டத்தான் செய்யும். தொந்தரவாக இருந்தால், விரியும் நீரை ஏற்றுக்கொள்ளும் எக்ஸ்பான்ஷன் டேங்க் பொருத்துங்கள். வால்வை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள், தொட்டியே வெடிக்கும்.

தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜனாக வைப்பதும் உண்டு. 1 கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் தண்ணீரும் 50 முதல் 55 யூனிட் மின்சாரமும் வேண்டும். ஹைட்ரஜனை மறுபடி மின்சாரமாக்கும் எரிபொருள் கலத்தில் திரும்பக் கிடைப்பது 16 முதல் 20 யூனிட். மாதக்கணக்கில் சேமிக்க வேண்டியிருந்தால் ஒழிய, இன்று ஏற்றி நாளை இறக்கும் வேலைக்கு இது கட்டுப்படியாகாது.

பெரிய கட்டிடங்களின் ஏ.சி.க்கு முன்கூட்டியே குளிரைச் சேமித்து வைக்கப் பனிக்கட்டி கைகொடுக்கும். 0 டிகிரி நீர் 1000 கிலோ உறைந்தால் 93 யூனிட் அளவுக்குக் குளிர் சேரும். அதே 1000 லிட்டரை 12-லிருந்து 5 டிகிரிக்குக் குளிர்நீராக வைத்தால் 8 யூனிட்தான். இடம் குறைவு என்றால் பனிக்கட்டி, இடம் தாராளம் என்றால் குளிர்நீர். ஏனென்றால் பனிக்கட்டி செய்ய சில்லர் (குளிரூட்டும் இயந்திரம்) பூஜ்யத்துக்குக் கீழே இறங்க வேண்டும், அதற்கு மின்சாரம் கூடுதலாகும். சுருள்குழாயைச் சுற்றிப் பனி தடிக்கத் தடிக்க அதுவே வெப்பத்தைத் தடுக்கும் போர்வையாகிவிடுவதால், கடைசி சில சென்டிமீட்டருக்கு கம்ப்ரசர் இன்னும் திணறும்.

பனி எவ்வளவு மீதமிருக்கிறது என்று வெப்பமானியைப் பார்த்துச் சொல்ல முடியாது, கால்வாசி உருகினாலும் முக்கால்வாசி உருகினாலும் அது ஏறக்குறைய பூஜ்யத்தையே காட்டும். உறையும்போது நீர் 9 சதவீதம் விரிவதால் தொட்டியின் நீர்மட்டத்தை வைத்துத்தான் அளப்பார்கள். 500 கிலோ உறைந்தால் 45 லிட்டர் அளவுக்கு மட்டம் ஏறும். ஆகவே ஆவியான நீரை ஈடுகட்ட ஊற்றுவதானால் பனி முழுவதும் உருகிய பிறகே ஊற்ற வேண்டும். பாதிப் பனி நிற்கும்போது கூடுதலாக ஊற்றிவிட்டால், அன்றிலிருந்து மட்டம் காட்டும் மீட்டர் இல்லாத பனியைக் காட்டும்.