ஸ்கேனில் தெரிவதெல்லாம் நோயல்ல

முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களில் பலர், டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே ரிப்போர்ட்டைப் பிரித்துப் படித்துவிடுகிறார்கள். ‘டிஸ்க் பல்ஜ்’ (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு பிதுங்குவது), ‘டீஜெனரேஷன்’ (அது தேய்வது) என்று இணையத்தில் தேடி, இரவெல்லாம் தூங்காமல் கிடந்து, மறுநாள் வந்து நிற்கிறார்கள். "டாக்டர், ஜவ்வு விலகிடுச்சாமே, இனிமே நடக்க முடியாமப் போயிடுமா?" என்று கேட்பவர்களும் உண்டு. அந்த ரிப்போர்ட்டை எழுதுகிற ரேடியாலஜிஸ்ட் நான். படத்தில் இருந்ததைத்தான் எழுதுகிறேன். ஆனால் படத்தில் இருப்பது வேறு, வலிக்குக் காரணம் வேறு என்பதை அந்த இரண்டு பக்கத் தாள் சொல்வதில்லை.

முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை, 33 ஆய்வுகளிலிருந்து தொகுத்து 2015ல் வெளியிட்டார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. எண்பது வயதில் 96 சதவீதம். பல்ஜ் இருபது வயதில் 30 சதவீதம், எண்பதில் 84 சதவீதம். இவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. தலை நரைப்பதைப் போல, வயதாவதன் அடையாளம்தான் இதில் பெரும்பகுதி.

ஆகவே திரையில் ஏதாவது கண்ணில் பட்டால் நான் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறேன். எந்தக் குறையும் இல்லாதவருக்கும் இது தெரியுமா? வேறு விதமாகப் பார்த்தாலும் இது அங்கேயே இருக்குமா? துகள் இயற்பியலிலும் அண்டவியலிலும் மரபணு ஆய்விலும் இருப்பவர்கள் கேட்பதும் இதே இரண்டைத்தான். இவற்றைக் கேட்காமல் அவசரப்பட்ட இடங்களிலெல்லாம் பெரிய பெரிய குழுக்களே தடுமாறியிருக்கின்றன.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எம்.ஆர்.ஐ. கருவி உடலிலிருந்து வரும் ரேடியோ அலைகளைச் சேகரிக்கிறது. அதை வைத்துக் கணினி கணக்குப் போட்டுப் படம் வரைகிறது. படத்தின் ஒரு திசைக்கான தகவல் நொடியில் வந்துவிடும். இன்னொரு திசைக்கானது வரி வரியாக, பல நிமிடங்கள் எடுத்துச் சேரும். அந்த நிமிடங்களில் ஒரு ரத்தக்குழாய் துடித்துக்கொண்டே இருந்தால், அதன் சாயல் அந்த மெதுவான திசையில் நகல் நகலாக விழும். தலையின் பின்பக்கம் பெரிய சிரை ஒன்று குறுக்காக ஓடுகிறது. கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றியதும் அது பளிச்சென்று ஒளிரும். அதன் நகல் சிறுமூளையில் விழுந்தால் அசல் கட்டியைப் போலவே, வட்டமாக, வெள்ளையாகத் தெரியும். ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர் ஒருவருக்கு இப்படித் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ‘மூளைக்குப் பரவிவிட்டது’ என்று ஒரு வரி எழுதினால் அந்தக் குடும்பமே நிலைகுலைந்துவிடும்.

இதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. அந்தப் புள்ளி சிரைக்கு நேர் வரிசையில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். இருந்தால், நோயாளியை மேசையிலிருந்து இறக்காமல், இரண்டு திசைகளையும் மாற்றிப்போட்டு இன்னொரு முறை எடுக்கச் சொல்வேன். சில நிமிட வேலை. கட்டி என்றால் அசையாது, அதே இடத்தில் இருக்கும். நகல் என்றால் இடம் பெயர்ந்துவிடும். என் தொழிலில் எனக்கு மிகப் பிடித்த சோதனை இது.

2011 செப்டம்பரில் ஓபெரா என்ற துகள் இயற்பியல் குழு ஒரு முடிவை வெளியிட்டது. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளி, இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கடியில் இருக்கும் கருவிக்கு நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோ நொடி முன்னதாக வந்து சேர்ந்தன என்றார்கள். தற்செயலாக இப்படி நேர்ந்திருக்குமோ என்ற சந்தேகத்துக்கு இடமில்லாத அளவு தரவு இருந்தது. இயற்பியலில் ஒரு கண்டுபிடிப்பை ஏற்க 5 சிக்மா வேண்டும். அதாவது தற்செயலாக அப்படித் தெரிய ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான். இவர்களிடம் 6 சிக்மா இருந்தது. அப்படியும் முடிவு தவறு. ஜி.பி.எஸ். நேரத்தைக் கொண்டுவரும் ஒளியிழை கேபிள் ஒன்று சரியாகப் பொருத்தப்படாமல் இருந்தது சில மாதங்களில் தெரியவந்தது. கருவியிலேயே பிசகு இருந்தால் எத்தனை லட்சம் முறை அளந்தாலும் அதே பிசகுதான் திரும்பத் திரும்ப வரும். அந்தக் குழுவை நான் மதிக்கிறேன். தங்கள் முடிவைத் தாங்களே நம்பாமல், எங்கே பிழை என்று தேடித் தாருங்கள் என உலகத்திடம் கேட்டார்கள்.

2014 மார்ச்சில் தென்துருவத்திலிருந்து பைசெப்-2 தொலைநோக்கிக் குழு, பிரபஞ்சம் பிறந்த கணத்தில் எழுந்த ஈர்ப்பலைகளின் தடயத்தைக் கண்டதாக அறிவித்தது. அவர்கள் பார்த்தது ஒரே ஓர் அலைவரிசையில், 150 கிகாஹெர்ட்ஸில். பிளாங்க் விண்கலம் வேறு அலைவரிசைகளிலும் வானத்தைப் பார்த்திருந்தது. இரண்டையும் சேர்த்து ஆராய்ந்தபோது, அந்தத் தடயத்தில் பெரும்பகுதி நம் பால்வெளியின் தூசியிலிருந்து வந்தது என்று 2015 தொடக்கத்தில் தெளிவானது. திசை மாற்றி ஸ்கேன் எடுப்பதற்கும் இதற்கும் அடிப்படையில் வித்தியாசமே இல்லை.

இனி முதல் கேள்வி. 2009ல் சில ஆய்வாளர்கள் செத்த சால்மன் மீன் ஒன்றை மூளையின் செயல்பாட்டைக் காட்டும் எம்.ஆர்.ஐ.யில் வைத்து, மனிதர்களின் படங்களை அதற்குக் காட்டினார்கள். தரவை வழக்கமான தளர்வான முறையில் அலசியபோது, மீனின் மூளையில் ‘செயல்பாடு’ தெரிந்தது. ஆயிரக்கணக்கான சிறு சிறு பகுதிகளைத் தனித்தனியே சோதித்தால், தற்செயலாகச் சில ஒளிர்ந்தே தீரும். அதற்குரிய திருத்தத்தைச் செய்ததும் செயல்பாடு மறைந்துவிட்டது. உடல் முழுக்க ஸ்கேன், மொத்த ரத்தப் பரிசோதனை என்று தேடித் தேடிச் செய்துகொள்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையின் ‘இயல்பான அளவு’ என்பது பொதுவாக ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதத்தினரை உள்ளடக்கும்படி வகுக்கப்படுகிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளைச் செய்தால், முழு ஆரோக்கியமானவருக்கும் ஒன்றாவது வரம்பைத் தாண்டியிருக்க 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

தென்கொரியாவில் நடந்ததை என் துறைக்கு வரும் இளையவர்கள் எல்லாரும் படிக்க வேண்டும். 1999ல் அங்கே அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் மருத்துவமனைகள் கழுத்து அல்ட்ராசவுண்டையும் குறைந்த செலவில் சேர்த்துச் செய்துகொடுத்தன. 1993ஐவிட 2011ல் தைராய்டு புற்றுநோய் 15 மடங்கு கண்டறியப்பட்டது. அதனால் இறந்தவர்களின் விகிதம் மாறவே இல்லை. வாழ்நாள் முழுதும் ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கக்கூடிய சின்னஞ்சிறு கட்டிகள்தான் பெரும்பாலும் பிடிபட்டிருந்தன. அதற்காக ஏராளமானோர் தைராய்டை அகற்றிக்கொண்டு ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள். சிலருக்குக் குரல்நாண் செயலிழந்தது. கொரிய மருத்துவர்கள் சிலரே 2014ல் முன்வந்து இதைக் கண்டித்தார்கள். ஒரே வருடத்தில் அறுவைச் சிகிச்சைகள் 35 சதவீதம் குறைந்தன.

பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீண்டகாலம் அதிகம் புகைத்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு, நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் 20 சதவீதம் குறைந்ததாக 2011ல் காட்டியது. அதே ஆய்வில் ‘சந்தேகம்’ என்று வந்த முடிவுகளில் 96 சதவீதம் புற்றுநோயாக இல்லை. ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு இந்தக் கலக்கத்தைத் தாங்கிக்கொள்வதில் அர்த்தம் உண்டு. மற்றவர்களுக்குக் கலக்கம்தான் மிஞ்சும்.

மரபணுப் பரிசோதனைக்கும் இது பொருந்தும். வட ஐரோப்பியர்கள் உயரமாக இருப்பதற்கு இயற்கைத் தேர்வின் தடயம் மரபணுக்களில் இருப்பதாகப் பல வருடங்கள் சொல்லப்பட்டது. பிரிட்டனின் பெரிய உயிரித்தரவு வங்கியில் சீராகச் சேகரித்த தகவலை வைத்து 2019ல் இரண்டு குழுக்கள் மறுபடி பார்த்தபோது, அந்தத் தடயம் பெருமளவு தேய்ந்துபோனது. வெவ்வேறு மக்கள் கூட்டங்களின் தரவுகளைக் கலக்கும்போது, அவர்களுக்கிடையே இயல்பாகவே இருக்கும் மரபணு வேறுபாடும் வாழ்க்கைச் சூழலும் சேர்ந்து, உயரத்துக்கே காரணம்போல வேடமிட்டிருந்தன. இத்தகைய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். அந்தத் தரவை வைத்து மற்ற மக்களுக்கு நோய் அபாய மதிப்பெண் கணிக்கும்போது துல்லியம் குறைந்துவிடுகிறது. உமிழ்நீரை அனுப்பி மதிப்பெண் வாங்குகிறவர்கள், அது எந்த மக்களின் தரவில் உருவானது என்று கேட்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் எதிர்பாராத ஒன்று இருந்தால், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்: என் வயதில் குறையில்லாதவர்களுக்கும் இது இருக்குமா, என் தொந்தரவோடு இது பொருந்துகிறதா, மேலும் பரிசோதித்தால் சிகிச்சை மாறுமா? முதுகுவலியோடு கால் பலவீனமாவது, சிறுநீர் அடைபடுவது அல்லது தன்னறியாமல் கசிவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது என்று எதுவும் இருந்தால் மட்டும் இந்த நிதானம் வேண்டாம், உடனே போய்விடுங்கள்.

இன்னொன்று, பழைய ஸ்கேன்களைத் தூக்கிப் போடாதீர்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்கள் பதிந்த குறுந்தகடும் வேண்டும். நுரையீரலில் ஒரு திடமான சிறு முடிச்சு தெரியும்போது, இரண்டு வருடங்களுக்கு முந்தைய படத்திலும் அது அதே அளவில் இருந்தால், பெரும்பாலும் அத்தோடு விஷயம் முடிந்தது. பழைய படம் இல்லாவிட்டால், 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை என்றால் ஆறு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் மறுபடி சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வோம். அதுவரை நீங்கள் பயந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கும்.