நகரத்துப் புகை காட்டுக்கு உரமாகும்போது

காற்று மாசு பற்றிப் பேசினாலே பேச்சு நுரையீரலில் தொடங்கி நுரையீரலிலேயே முடிந்துவிடுகிறது. மண் பூஞ்சைகளோடு வேலை செய்பவள் என்ற முறையில் மரங்களின் வேர்நுனியையும் அங்கே ஒட்டி வாழும் பூஞ்சைகளையும் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குக் கிழக்கே சான் பெர்னார்டினோ மலைகள். அங்குள்ள பாண்டரோசா பைன் மரங்களின் ஊசியிலைகள் மஞ்சளாகி உதிர்வதை 1950களிலேயே கவனித்தார்கள். நகரப் புகையில் உருவாகும் ஓசோன்தான் காரணம் என்று பிற்பாடு உறுதியானது. அது கண்ணுக்குத் தெரிந்த சேதம். தெரியாத சேதத்தைச் செய்தது நைட்ரஜன். வண்டிப் புகையும் பண்ணைகளின் அமோனியாவும் கடற்காற்றோடு மலையேறி, மூடுபனியிலும் தூசியிலும் கலந்து படிந்தன. மலையின் மேற்கு ஓரத்தில் சில இடங்களில் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 70 கிலோ வரை விழுந்திருக்கிறது. புகையைச் சுத்தப்படுத்த காரில் பொருத்தும் வினையூக்கி மாற்றியும் கொஞ்சம் அமோனியாவை வெளிவிடும் என்பது பலருக்குத் தெரியாது.

நைட்ரஜன் உரம்தானே, விழுந்தால் நல்லதுதானே என்று கேட்பார்கள். மரம் தான் தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கை வேர்ப்பூஞ்சைக்குக் கொடுக்கிறது. பூஞ்சை தன் இழைகளைப் பரப்பி நைட்ரஜன், பாஸ்பரஸ், நீர் எல்லாம் கொண்டுவந்து தருகிறது. நைட்ரஜன் சும்மா கிடைத்தால் மரம் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளும். மட்கிலிருந்து நைட்ரஜனைப் பிரித்தெடுக்கும் கார்டினேரியஸ் போன்ற பூஞ்சைகள் முதலில் அடிபடும். லாக்காரியா போன்ற சில தாக்குப்பிடிக்கும். ஐரோப்பாவில் 20 நாடுகளின் 137 காடுகளில் வேர்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்விலும் நைட்ரஜன் படிவின் தாக்கம் தெளிவாகத் தெரிந்தது.

அதே மலைகளுக்குக் கீழே, ரிவர்சைடு பக்கம், சேஜ் என்ற மணமுள்ள செடிகள் நிறைந்த புதர்க்காடுகள் உண்டு. அங்கே நைட்ரஜன் கூடக்கூட வேர்ப்பூஞ்சைகளில் பெரிய வித்துகள் (ஸ்போர்கள்) கொண்டவை குறைந்து சிறு வித்துள்ளவை மிஞ்சின. மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்த ஓராண்டுப் புற்கள் நைட்ரஜனை வேகமாக உறிஞ்சிக்கொண்டு, புதர்களையும் காட்டுப்பூக்களையும் நெருக்கி ஒதுக்கின. கோடையில் காய்ந்த புல் தீப்பிடிக்கும். புதர் மறுபடி தழைப்பதற்குள் புல் முந்திக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் மழைக்காலத்தில் எல்லாம் பச்சைதான்.

அதனால்தான் மரங்களை எண்ணுவதோடு வேர்நுனி மாதிரிகளையும் எடுக்க வேண்டும் என்கிறேன், அதுவும் நகரத்தை ஒட்டிய காடுகளில் கட்டாயமாக. இந்தியாவின் 2009 காற்றுத் தரநிலை, காற்றில் எவ்வளவு அமோனியா இருக்கலாம் என்று சொல்கிறது. காட்டு மண்ணில் எவ்வளவு நைட்ரஜன் படியலாம் என்று சொல்வதில்லை. அந்த வரம்பை இப்போதே வகுக்க வேண்டும். புகை குறைந்த பிறகும் மண்ணில் சேர்ந்த நைட்ரஜன் பல ஆண்டுகள் அங்கேயேதான் இருக்கும்.