த'கா: தெற்கை நினைத்துக் கனக்கும் ஒரு சொல்

தென்கிழக்கு ஐரோப்பாவில் இருக்கும் மாசிடோனியாவில் (இன்று வட மாசிடோனியா) பள்ளிக்கூடம் போன யாரிடம் கேட்டாலும் ஒரு கவிதையின் முதல் இரண்டு வரியைத் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். அதன் பெயர் 'த'கா ஸா யூக்'. எழுதியவர் கான்ஸ்தாந்தின் மிலாதினோவ். மாசிடோனிய இலக்கியத்தில் தனிக்கவிதை எழுதிய முன்னோடிகளில் ஒருவர். தலைப்பில் 'யூக்' என்றால் தெற்கு, 'ஸா' என்றால் 'அதை எண்ணி, அதற்காக'. மீதி இருப்பது 'த'கா'. இந்த ஒரு சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே பேச்சு.

ஆங்கிலத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் 'ஏக்கம்' என்பார்கள். மாசிடோனிய அகராதியைப் புரட்டுகிறவர்கள் 'துயரம்' என்பார்கள். இரண்டுமே தப்பில்லை, இரண்டுமே போதவும் இல்லை. கவிதைக்கு 34 வரிகள். அவற்றில் ஒரு வரியில்கூட 'த'கா' என்ற சொல் வரவில்லை. 'யூக்' என்ற சொல்லும் வரவில்லை. தலைப்பில் மட்டும் வைத்துவிட்டு, உள்ளே அதன் பெயரையே சொல்லாமல் அதை உணர வைத்திருக்கிறார் கவிஞர். அதனால் இந்தச் சொல்லுக்குப் பொருள் தேட அகராதி மட்டும் போதாது, கவிதைக்குள்ளும் போகவேண்டும்.

முதலில் ஒலிப்பு. தகரத்துக்கும் ககரத்துக்கும் நடுவில் ஒரு மங்கலான உயிர் ஒலி இருக்கிறது. நம் குற்றியலுகரம்போலக் குறுகி, வாய் சரியாகத் திறக்காமலே வந்து போகும் ஒலி. மாசிடோனிய எழுத்தில் அதை ஒரு மேற்கோள் புள்ளியால் காட்டுகிறார்கள். இன்றைய பொது மாசிடோனிய மொழியில் இந்தச் சொல் 'தாகா'. கவிஞர் எழுதியது தன் ஊரான ஸ்ட்ரூகாவின் பேச்சு வழக்கில். ஒரு மொழிக்கு இலக்கண நூலும் எழுத்து முறையும் அமைவதற்கு முந்தைய காலம் அது. மாசிடோனிய மொழிக்கு அதிகாரபூர்வ எழுத்து முறை கிடைத்தது 1945-இல்தான். இன்றைக்கும் தலைப்பைத் திருத்தாமல் அந்தப் புள்ளியோடுதான் அச்சிடுகிறார்கள். ஒரு ஊரின் நாக்கு அந்தப் புள்ளியில் இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'தாகா' என்றதும் நமக்குத் 'தாகம்' நினைவுக்கு வரும். ஊர்த் தாகம் என்று சொன்னால் பொருத்தமாகக்கூடத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் உறவு கிடையாது. நம் 'தாகம்' எரிதலைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. 'தாகா' வேறு வேரிலிருந்து வந்தது. ஒலி ஒத்துப்போவதை வைத்துச் சொற்களுக்கு உறவு கட்டக்கூடாது.

அந்த வேர் எது? பழைய ஸ்லாவிய மொழியில் மூக்கொலி கலந்த ஓகாரத்தோடு, ஏறக்குறைய 'தோங்கா' என்று ஒலித்த சொல். அந்த மூக்கொலி ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு விதமாக மாறியது. செர்பிய மொழியில் 'தூகா', துயரம் என்று பொருள். பல்கேரியத்தில் அதே மங்கல் ஒலியோடு 'த'கா'. பழைய ருஷ்ய மொழியில் 'துகா'. இகோர் என்ற இளவரசனின் படையெடுப்பைப் பாடும் பழைய ருஷ்யக் காப்பியத்தில், துகா அறிவைச் சிறைப்பிடித்துவிட்டது என்று பெருமக்கள் தங்கள் அரசனிடம் சொல்கிறார்கள். செக் மொழிக்குப் போனால் அதே சொல் 'தோவுஹா' ஆகி, துயரத்தை உதறிவிட்டு முழுக்க முழுக்க ஆசை, வேட்கை என்ற பொருளில் நிற்கிறது. ஒரே தாய்க்குப் பிறந்தவற்றில் ஒன்று அழுகிறது, ஒன்று ஆசைப்படுகிறது. சொல்லுக்குள் முதலிலிருந்தே இரண்டும் இருந்திருக்கவேண்டும்.

இன்னும் ஆழத்தில் 'இழுத்தல்', 'கனத்தல்' என்ற பொருள்கள் கிடக்கின்றன. மாசிடோனியத்தில் கனமான பொருளைத் 'தேஷோக்' என்பார்கள். அதுவும் இதே குடும்பம்தான். ஆக, த'கா என்பது நெஞ்சில் ஏறி உட்காரும் பாரம், ஒரு பக்கமாகப் பிடித்து இழுக்கும் பாரம். 'மனசு கனக்குது' என்று நாம் சொல்வதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

மிலாதினோவுக்கு ஏறக்குறைய 80 ஆண்டு பின்னால் வந்தவர் கோச்சோ ராட்சின், வேலெஸ் என்ற ஊர்க்காரர். நவீன மாசிடோனியக் கவிதையைத் தொடங்கி வைத்தவர் என்று அவரைச் சொல்வார்கள். 1939-இல் அவர் வெளியிட்ட 'வெள்ளை விடியல்கள்' தொகுப்பில், நாட்களைப் பற்றிய ஒரு கவிதை இப்படித் தொடங்குகிறது: கழுத்தில் குளிர்ந்த கற்களைக் கோத்த மாலைபோல, தோள்மேல் நாட்கள் கிடந்து கனத்துவிட்டன. அந்தக் 'கனத்துவிட்டன' என்ற வினையும் இதே வேரில் பிறந்ததுதான். ராட்சின் கூலி வேலைக்குப் போகிறவனின் பாரத்தைப் பாடினார். மிலாதினோவ் ஊரை விட்டு வந்தவனின் பாரத்தைப் பாடினார்.

சரி, அவர் ஏன் அப்படிப் பாடினார்? ஓஹ்ரித் ஏரியின் வடகரையில், கருப்பு த்ரிம் ஆறு ஏரியை விட்டுப் புறப்படும் இடத்தில் இருக்கிறது ஸ்ட்ரூகா. அங்கே ஒரு குயவர் வீட்டில் 1830 வாக்கில் பிறந்தார். மூத்த அண்ணன் திமித்தார் ஆசிரியர். தம்பியைவிட இருபது வயது மூத்தவர், ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளில் பாடம் சொன்னவர். அந்த மண் அப்போது ஒட்டோமான் ஆட்சியில் இருந்தது. படிப்பு, தேவாலயம் எல்லாம் கிரேக்க மொழியில். கான்ஸ்தாந்தினும் யானினாவிலும் ஏதென்ஸ் பல்கலைக்கழகத்திலும் கிரேக்கம்தான் படித்தார். அப்புறம் 1850-களின் பிற்பகுதியில் ஸ்லாவிய மொழியியல் படிக்க மாஸ்கோவுக்குப் போனார்.

மாஸ்கோவின் குளிர் அவரை வாட்டியது. ஏரிக்கரையில் வளர்ந்த உடம்பு. கையில் காசும் இல்லை. அங்கே இருந்துகொண்டு எழுதியதுதான் இந்தக் கவிதை. ஒரு கழுகின் சிறகை மாட்டிக்கொண்டு எங்கள் ஊர்ப்பக்கம் பறந்துபோனால் எப்படி இருக்கும் என்று தொடங்குகிறது. 'ஊர்ப்பக்கம்' என்று நான் எழுதியது அழகுக்காக அல்ல. மூலத்தில் இருக்கும் சொல்லுக்குப் பக்கம் என்றும் நாடு என்றும் இரண்டு பொருள் உண்டு. நாம் 'எங்க ஊர்ப் பக்கம்' என்று சொல்வதுபோலவே அவரும் சொல்கிறார்.

நடுவில் மாஸ்கோ வருகிறது. பனி, உறைபனி, சுழன்றடிக்கும் காற்று, நிலத்தை மூடும் இருண்ட மூடுபனி. வெளியே இருக்கும் குளிரை அடுக்கிக்கொண்டே வந்து, அந்தப் பத்தியின் கடைசி வரியில் அதை உள்ளே கொண்டுவந்துவிடுகிறார்: நெஞ்சுக்குள் குளிர், நினைவெல்லாம் இருட்டு. உடனே அடுத்த வரியில், "இல்லை, என்னால் இங்கே இருக்க முடியாது" என்று வெடிக்கிறார். ஒவ்வொரு வரியும் ஐந்து அசை, ஐந்து அசையாக நடுவில் முறிந்து நிற்கிறது. நாட்டுப்பாடல்களை நிறையக் கேட்டவருக்கு வரும் நடை.

தெற்கு என்று அவர் எதைச் சொல்கிறார் என்பதையும் பார்க்கவேண்டும். நான்கு ஊர்களின் பெயர் வருகிறது. ஸ்தம்போல், அதாவது இஸ்தான்புல். குகுஷ், இன்று கிரேக்கத்தில் கில்கிஸ் என்ற பெயரில் இருக்கும் ஊர். பிறகு ஓஹ்ரித், கடைசியாக ஸ்ட்ரூகா. பேரரசின் தலைநகரில் தொடங்கிச் சொந்த ஊரில் வந்து முடிகிறது. 'யூக்' என்ற சொல்லே ஒட்டுமொத்த ஸ்லாவிய மொழிகளுக்கும் பழையது. யுகோஸ்லாவியா என்ற பெயரில் இருப்பதும் அதுதான், தெற்கு ஸ்லாவியரின் நாடு. ஏட்ரியாடிக் கடற்கரையில் தெற்கிலிருந்து வீசும் காற்றையும் 'யூகோ' என்பார்கள். தென் என்ற திசையிலிருந்து நாம் தென்றலைப் பெற்றதுபோல. ஒரு வேறுபாடு உண்டு. தமிழ்க் காதுக்குத் தெற்கு என்றால் தென்புலத்தாரும் நினைவுக்கு வருவார்கள், அது முன்னோரின் திசை. ஸ்லாவியரிடம் அந்த எண்ணம் இல்லை. மிலாதினோவின் தெற்கு வெயிலின் திசை, ஏரியின் திசை, வீட்டின் திசை. கவிதையில் திரும்பத் திரும்ப வரும் சொல் 'சூரியன்'தான்.

கவிதையை எழுதியவர் தெற்கே திரும்பினார். ஆனால் ஸ்ட்ரூகாவுக்கு அல்ல. அண்ணனும் தம்பியுமாகத் திரட்டிய நாட்டுப்பாடல்களை அச்சிட ருஷ்யாவில் ஆள் கிடைக்கவில்லை. 1860-இல் அவர் வியன்னா போய், குரோவேஷிய ஆயர் யோசிப் யுராய் ஸ்ட்ரோஸ்மாயரைச் சந்தித்தார். பாடல்கள் கிரேக்க எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. அவற்றைச் சிரிலிக் எழுத்துக்கு மாற்றினால் செலவை நான் ஏற்கிறேன் என்றார் ஆயர். உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதினார் கான்ஸ்தாந்தின். 1861-இல் ஸாக்ரெப் நகரில் புத்தகம் வந்தது. ஏறக்குறைய 660 பாடல்கள், 23,000-க்கும் மேற்பட்ட வரிகள். தலைப்பில் 'பல்கேரிய நாட்டுப்பாடல்கள்' என்று இருக்கிறது. பாடல்களில் மிகப் பெரும்பான்மை மாசிடோனிய மண்ணில் கேட்டவை. இதனால் இன்றுவரை பல்கேரியர்களும் மாசிடோனியர்களும் அந்த அண்ணன் தம்பியை எங்களவர் என்கிறார்கள். அந்தப் பாடல்களைப் பாடிய பெண்களுக்கும் ஆண்களுக்கும் இந்த வழக்கால் எதுவும் குறையவில்லை என்றே எனக்குப் படுகிறது.

புத்தகம் வந்த அதே ஆண்டு ஒட்டோமான் அதிகாரிகள் அண்ணனைப் பிடித்துக்கொண்டுபோய் இஸ்தான்புல் சிறையில் அடைத்தார்கள். சேதி கேட்டு, அவரை மீட்கத் தம்பி அங்கே போனார். அவரையும் பிடித்தார்கள். 1862 ஜனவரியில் சில நாள் இடைவெளியில் இருவரும் சிறையிலேயே இறந்தார்கள். "ஸ்தம்போலைப் பார்க்கவேண்டும், குகுஷைப் பார்க்கவேண்டும்" என்று அவர் எழுதிய வரியை இதற்குப் பிறகு படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். கவிதையின் கடைசி இரண்டு வரியும் அப்படித்தான். அங்கே நெஞ்சு நிறையக் குழல் ஊதவேண்டும். பொழுது சாயவேண்டும், நானும் சாயவேண்டும் என்கிறார். அவர் ஊத நினைத்தது 'கவால்', ஆட்டிடையர்கள் ஊதும் நீண்ட மரக்குழல்.

இந்தக் கவிதை இன்று அந்த ஊரின் அடையாளம். 1960-களின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு கோடையிலும் ஸ்ட்ரூகாவில் கவிதை மாலைகள் நடக்கின்றன. உலகக் கவிஞர்கள் வந்து த்ரிம் ஆற்றுப் பாலத்தின்மேல் நின்று கவிதை படிக்கிறார்கள், கரை நெடுக ஊர் ஜனங்கள் நின்று கேட்கிறார்கள். விழாவைத் தொடங்குவதே த'கா ஸா யூக்கைப் படித்துத்தான். 1966 முதல் 'தங்க மாலை' என்ற விருது தருகிறார்கள். பாப்லோ நெரூதா வாங்கியிருக்கிறார், ஆடன் வாங்கியிருக்கிறார். 1983-இல் இந்திக் கவிஞர் அக்ஞேய வாங்கினார். மாசிடோனியாவில் ஒரு சிவப்பு ஒயினுக்குக்கூட இந்தக் கவிதையின் பெயர்தான்.

இனித் தமிழுக்கு வருவோம். 'சோகம்' வேண்டாம். அதில் பாரம் இருக்கிறது, இழுப்பு இல்லை. சோகத்தில் இருப்பவன் எங்கேயும் போக நினைப்பதில்லை. இழப்பைப் பாடும் 'கையறுநிலை'யும் இதற்குச் சரிவராது. திரும்ப முடியாததைப் பற்றிய துறை அது. இங்கே ஊர் அங்கேயே இருக்கிறது, போகத்தான் முடியவில்லை. 'வேட்கை' என்றால் கனம் போய்விடும். அதற்கு மாசிடோனியத்திலேயே 'கோப்னேஷ்' என்று தனிச்சொல் இருக்கிறது. கவிஞர் அதை எடுக்கவில்லை.

'ஏக்கம்' நல்ல சொல்தான். ஏங்குதல் என்பதில் ஆசையும் உண்டு, அழுகையும் உண்டு. குழந்தை ஏங்கி ஏங்கி அழுகிறது என்கிறோம். அம்மாவைக் காணாமல் பிள்ளை ஏங்கிப்போய்விட்டது, இளைத்துவிட்டது என்கிறோம். பேச்சில் 'ஊர் நினைப்பு' என்பதும் உண்டு. "அவனுக்கு ஊர் நினைப்பு வந்துவிட்டது" என்றால் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. கட்டுரையிலும் பேச்சிலும் இவை இரண்டையும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஆனால் த'காவுக்கு உடன்பிறந்ததுபோல ஒரு பழஞ்சொல் நம்மிடம் இருக்கிறது: 'படர்'. தொல்காப்பிய உரியியல் "படரே உள்ளல் செலவும் ஆகும்" என்கிறது. உள்ளல் என்றால் நினைத்தல், செலவு என்றால் போதல். ஒன்றை நினைப்பதும் அதை நோக்கிப் போவதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. மூன்றாவதாகத் துன்பம் என்ற பொருளும் அதற்கு உண்டு. திருக்குறளின் 117-ஆம் அதிகாரம் 'படர்மெலிந்திரங்கல்', பிரிந்தவரையே நினைத்து நினைத்து மெலிந்து வருந்துவது. நினைவு, செலவு, துன்பம். மாஸ்கோவில் உட்கார்ந்து கழுகுச் சிறகு கேட்ட மனிதனிடம் இருந்தவை இந்த மூன்றும்தான்.

இன்றைய வாசகருக்குப் 'படர்' என்றதும் கொடி படர்வதுதான் முதலில் தோன்றும். அதனால் தனியாக நிறுத்தினால் புரியாது. தலைப்பாக வைக்கும்போது துணைக்கு ஒரு சொல் வேண்டும். 'தெற்கின் ஏக்கம்' என்று எழுதினால் தெற்கே ஏங்குவதாகப் பொருள் திரும்பிவிடும். 'தெற்கிற்கான ஏக்கம்' தமிழாகவே நிற்கவில்லை. நான் மொழிபெயர்த்தால் 'தெற்கு நினைந்த படர்' என்று போடுவேன். அது கடினம் என்கிறவர்களுக்கு 'தெற்கை நினைத்து ஏங்கல்'. ஒலியை அப்படியே எழுதவேண்டிய இடத்தில் 'தாகா' என்று நீட்டாமல், நடுவில் அந்தப் புள்ளியோடு 'த'கா' என்றே எழுதுங்கள். அது ஸ்ட்ரூகாக்காரரின் உச்சரிப்பு.