"ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறார், டாக்டர்"

சர்க்கரை நோய்க்காக என்னிடம் வருபவர்கள் இதை முதலில் சொல்வதே இல்லை. ரிப்போர்ட்டைக் காட்டி, மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு, கதவு வரை போன பிறகு கூட வந்த மனைவியோ மகனோ சொல்வார்கள்: "ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறார், டாக்டர். சரியாத் தூங்கியே பல மாசம் ஆச்சு." அவரோ, "சுகர் இருந்தா அப்படித்தானே" என்று பேச்சை முடிக்கப் பார்ப்பார். நான் அவரைத் திரும்ப உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்பேன். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு சிறுநீர் போகிறது?

பெரும்பாலும் பதில் வராது. எத்தனை தடவை என்று எல்லோரும் எண்ணி வைத்திருக்கிறார்கள், எவ்வளவு என்று யாரும் பார்த்ததில்லை. காரணத்தைக் காட்டிக்கொடுப்பதோ அந்த அளவுதான்.

"சுகர் இருந்தால் அப்படித்தான்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. தமிழில் இந்த நோயின் பெயரே நீரிழிவு. இழிதல் என்றால் இறங்குதல், வழிந்து போதல். ரத்தச் சர்க்கரை 100 மில்லிக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டும்போது, வடிகட்டிய சர்க்கரை முழுவதையும் சிறுநீரகத்தால் திரும்ப உறிஞ்ச முடியாது. மிச்சம் சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். உடம்பு வற்றி நாக்கு வறளும். எழுந்தவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பார், சர்க்கரை அதையும் இழுத்துக்கொண்டு இறங்கும். இந்த வகையை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. ஒவ்வொரு தடவையும் நிறையப் போகும், பகலிலும் அப்படியே போகும், தாகம் அடங்காது, சிலருக்கு எடை குறையும். இதற்கு வைத்தியம் சர்க்கரையைக் குறைப்பதுதான். அது இறங்கிய சில நாட்களிலேயே ராத்திரி எழுந்திருப்பதும் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

மீதிப் பாதிதான் என்னை இதை எழுத வைக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கும்போதும் எத்தனையோ பேர் எழுந்துகொண்டே இருக்கிறார்கள். அதற்கும் சுகர்தான் காரணம் என்று நினைத்து, தாங்களாகவே ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துகிறார்கள், மாத்திரையைக் கூட்டிக்கொள்கிறார்கள். இது ஆபத்து.

அறுபதைத் தாண்டிய ஒருவர் அப்படித்தான் வந்தார். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c 6.9 சதவீதம். நல்ல கட்டுப்பாடு. ஆனாலும் சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ராத்திரி பட்டினியாகப் படுத்து, விடியற்காலையில் வேர்த்துக் கொட்டி எழுந்திருக்கிறார். மூன்று நாள் அளந்து எழுதி வரச் சொன்னேன். பழைய நோட்டில் பென்சிலால் கோடு போட்டு எழுதியிருந்தார். இரவு 12.10: 350 மில்லி. 2.00: 300. 3.40: 300. காலை 6.00: 250. பகல் முழுவதும் சேர்த்து 800தான். அதாவது நாள் முழுக்கப் போன 2000 மில்லியில் 1200 படுத்த பிறகு போயிருக்கிறது. வயதானவர்களுக்கு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போனாலே அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

சர்க்கரை காரணமாக இருந்தால் பகலிலும் கொட்டியிருக்க வேண்டுமே? சாக்ஸைக் கழற்றச் சொன்னேன். சாயங்கால நேரம். எலாஸ்டிக் இருந்த இடம் வளையம் போட்டதுபோல் பதிந்திருந்தது. கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தேன், பள்ளம் அப்படியே நின்றது. நாள் முழுக்கக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த வேலை, போதாக்குறைக்கு ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். அந்த மாத்திரை சிலருக்குக் காலில் வீக்கம் கொடுக்கும். பகலில் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்த ஓட்டத்துக்குத் திரும்பி, சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. அவ்வளவுதான் விஷயம். கால் வீக்கம் இதயம், சிறுநீரகம் பழுதானாலும் வரும் என்பதால் எக்கோவும் சிறுநீரில் புரதமும் பார்த்தோம், இரண்டும் சரியாக இருந்தன. பிரஷர் மாத்திரையை மாற்றினேன். சாயங்காலம் ஒரு மணி நேரம் காலுக்குத் தலையணை வைத்து உயர்த்திப் படுக்கவும், உப்பைக் குறைக்கவும் சொன்னேன். அடுத்த நோட்டில் இரவுப் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. சுகர் மாத்திரையை நான் தொடவே இல்லை.

அப்புறம் இதற்கு நேர் எதிரான கதை ஒன்று. பதினெட்டு வருடமாகச் சர்க்கரை உள்ள ஒரு அம்மா, ஐம்பதுகளில் இருப்பவர். அவருடைய நோட்டில் 80, 60, 100, 70 என்று சின்னச் சின்ன எண்கள். சிறுநீர்ப்பை 300, 400 மில்லி வரை தாங்கக்கூடிய உறுப்பு. அறுபது மில்லிக்கு அது எழுப்புகிறதென்றால் நீர் அதிகம் ஊறுவது பிரச்சினை இல்லை, பையில்தான் ஏதோ கோளாறு. போய்விட்டு வந்தவுடன் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் உள்ளே 280 மில்லி மிச்சம் நின்றது. பல வருடச் சர்க்கரை பாதத்து நரம்பை மரத்துப்போகச் செய்வதுபோல் சிறுநீர்ப்பை நரம்பையும் கெடுக்கும். பை நிறைந்தது தெரியாது, முழுசாகச் சுருங்கவும் செய்யாது, எப்போதும் பாதி நிறைந்தே இருக்கும். தேங்கிய நீரில் கிருமி வளரும். அவருக்கும் வளர்ந்திருந்தது. எரிச்சலுக்குப் பயந்தும், எழுந்திருக்க வேண்டுமே என்றும் மதியத்துக்கு மேல் தண்ணீரையே நிறுத்தியிருந்தார், அது தொற்றை இன்னும் மோசமாக்கியது. "இதையெல்லாம் போய் எப்படி டாக்டர்கிட்ட சொல்றதுன்னு இருந்துட்டேன்" என்றார். தயவுசெய்து சொல்லுங்கள். நாங்கள் தினமும் கேட்கிற விஷயம் இது, கூச்சப்பட ஒன்றுமே இல்லை. தொற்றுக்கு மருந்து கொடுத்து, குறித்த நேரத்துக்கு ஒருமுறை போகவும், போன பிறகு கொஞ்ச நேரம் அப்படியே இருந்து இன்னொரு முறை முயலவும் பழக்கினோம். அதோடு சிறுநீர் மருத்துவரிடமும் அனுப்பினேன். ஆண்களுக்கு இதே மாதிரி சின்ன எண்கள் வந்தால் பிராஸ்டேட் வீக்கத்தையும் பார்க்க வேண்டும். வேகம் குறைவது, சொட்டுவது, முக்கிப் போவது எல்லாம் அதன் பக்கம் கை காட்டும்.

மாத்திரை நேரத்தையும் ஒருமுறை பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்பவை, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் இவற்றைப் பொதுவாகக் காலையில் போடத்தான் சொல்கிறோம், ராத்திரி டப்பாவில் இருந்தால் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். நீர் பிரியும் மாத்திரை சாயங்காலம் போட்டாலும் இதே கதைதான்.

பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவர்களுக்கும் இரவில் சிறுநீர் அதிகம் ஊறும். பக்கத்தில் படுப்பவரைக் கேட்டால்தான் இது தெரியவரும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரே ஒரு மாற்றம் போதும். நாள் முழுக்கக் குடிக்கும் அளவைக் குறைக்காமல், பெரும்பகுதியைப் பகலிலேயே குடித்து முடித்து, படுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். காபி, டீ, மது மூன்றும் சாயங்காலத்துக்கு மேல் வேண்டாம். ஆனால் சர்க்கரை அதிகமாக இருக்கும் நாளில் தாகம் எடுத்தால் குடித்தே ஆக வேண்டும். அன்றைக்குத் தண்ணீரை அடக்குவது உடம்பை வற்றவைத்துவிடும். இதய, சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் அந்த அளவிலேயே இருங்கள்.

நள்ளிரவில் விழிப்பதெல்லாம் சிறுநீருக்காகத்தான் என்றும் நினைக்க வேண்டாம். சர்க்கரை இறங்கினாலும் தூக்கம் கலையும், எழுந்ததால் பாத்ரூம் போவோம். வேர்வை, படபடப்பு, கெட்ட கனவு, காலையில் தலைவலி இருந்தால் மூன்று மணிக்குக் குளுக்கோமீட்டரில் ஒருமுறை பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் உடனே 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மருந்தளவைப் பற்றி அடுத்த நாளே மருத்துவரிடம் பேசுங்கள். அந்த நேரத்தில் மரத்துப்போன பாதத்தோடு இருட்டில் நடந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவர்களைப் பார்த்த வேதனையில் சொல்கிறேன். படுக்கையிலிருந்து குளியலறை வரை ஒரு சின்ன விளக்கு எரியட்டும். எழுந்ததும் ஒரு நிமிடம் கட்டிலோரம் உட்கார்ந்து, பிறகு நில்லுங்கள்.

சரி, எப்படி அளப்பது? மில்லி அளவு போட்ட பிளாஸ்டிக் கோப்பை ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். மூன்று நாள், பகலும் இரவும், நேரமும் அளவும். எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், என்ன குடித்தீர்கள் என்றும் எழுதுங்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் இரவுக் கணக்கில் சேரும், பலர் இதில்தான் தவறுகிறார்கள். மாத்திரை டப்பாவையும் நோட்டையும் சேர்த்துக் கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

சில விஷயங்கள் மட்டும் நோட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. சிறுநீரில் ரத்தம், குளிர் காய்ச்சலோடு விலாப்பக்க வலி, முட்டிக்கொண்டு வந்தும் ஒரு சொட்டும் போக முடியாத நிலை, சர்க்கரை ஏறி வாந்தியும் மூச்சு வாங்குவதும், காலோடு முகமும் வீங்கிப் படுத்தால் மூச்சு முட்டுவது. இவற்றில் எது இருந்தாலும் கோப்பையைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், நடு ராத்திரியானாலும் சரி.