மழைக்கு மலை ஏன் சரிகிறது?

2014 ஒக்டோபர் 29 காலையில் இலங்கை மலையகத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயன்கள் மண்சரிவில் புதைந்தன. இப்படி நடக்கும்போதெல்லாம், ‘மழை கூடிப்போச்சு, அதான்’ என்று சொல்லிவிடுகிறோம். அதே மழை பக்கத்து மலையிலும்தான் பெய்தது. அந்த மலை ஏன் சரியாமல் நின்றது? இதற்குப் பதில் தராத விளக்கம் யாரையும் காப்பாற்றாது.

பிட்டுக்கு மா நனைப்பதை நினைத்துப் பாருங்கள். காய்ந்த மா கையில் நிற்காது. தண்ணீர் தெளித்துப் பிசறினால் பிடித்த பிடிக்கு நிற்கும். தண்ணீர் கூடினால் கூழாகிவிடும். மலைமண்ணும் ஏறக்குறைய அப்படித்தான். மண்மணிகளுக்கு நடுவில் காற்றும் கொஞ்சம் ஈரமும் இருக்கும்வரை அந்த ஈரம் மணிகளை இழுத்துப் பிடிக்கிறது. அடைமழையில் இடைவெளியெல்லாம் நிரம்பினால், அதே நீர் மணிகளை விலக்கித் தள்ளுகிறது. மணிகள் ஒன்றையொன்று அழுத்தி உரசும் பிடி தளர்கிறது. பாரமோ ஏறிக்கொண்டே போகிறது: 150 மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு ஏக்கரில் விழுவது சுமார் 6 லட்சம் லீற்றர். நீர் உள்ளே தேங்காமல் வடிந்துவிடும் மலை அதே மழையிலும் நிற்கலாம்.

மண்ணுக்குள் இருக்கும் நீரழுத்தத்தின் இந்தக் கணக்கை 1920களில் தெளிவாக்கியவர் பொறியியலாளர் கார்ல் டெர்ஸாகி. அதன் பலன் நம் மலையிலேயே இருக்கிறது. வட்டவளையில் ரயில் பாதையை நகர்த்திய சரிவுக்குள் துளையிட்டு, உள்ளே தேங்கிய நீரை வடித்தார்கள். காரணம் தெரிந்ததால்தான் எதில் கைவைப்பது என்று தெரிந்தது.

அறிகுறிகளும் இப்போது புரியும். திடீரென்று புது ஊற்று கிளம்பினால் நிலத்தடி நீர் ஏறிவிட்டது. ஊற்று கலங்கி வந்தால் உள்ளே மண் அரிபடுகிறது. மரம் சாய்ந்தாலும் கதவு இறுகினாலும் நிலம் அசையத் தொடங்கியிருக்கலாம்.

24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்கிறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். இது ஒவ்வொரு லயத்துக்கும் தமிழில், நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். போக ஓர் இடமும் வேண்டும். செங்குத்தான பக்கமுள்ள ஒரு டின்னை வெட்டவெளியில் வைத்து, உள்ளே அடிக்கோல் விட்டு நாமே மழையை அளக்கலாம். அப்புறம், தரையில் வெடிப்பு இருந்தால் அதன் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோடு விலகினால், டின்னில் எவ்வளவு இருந்தாலும் சரி, அன்றிரவு அங்கே படுக்காதீர்கள்.