ஆள் சேர்த்தால் காசு: சட்டம் என்ன சொல்கிறது?

காசு கட்டிச் சேர்ந்து, பொருள் விற்றும் ஆள் சேர்த்தும் கொமிஷன் எடுக்கும் நெட்வேர்க் மார்க்கெட்டிங் தொழிலா, ஏமாற்றா? கொழும்பில் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. கேட்பவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே காசு கட்டியவர்கள். மீதிப்பேரை ஒரு மச்சானோ மாமி மகளோ கூட வேலை செய்பவரோ கூட்டத்துக்குக் கூப்பிட்டிருப்பார். இரண்டு தரப்புக்கும் தெரிய வேண்டிய விஷயம் ஒன்றுதான். திட்டத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. உங்களுக்கு வரும் காசு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பார்க்கிறது.

அந்தச் சட்டம் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டம். அதில் 83சி என்ற பிரிவை 2005இல் சேர்த்தார்கள், 2006இல் திருத்தினார்கள். அது சொல்வது இவ்வளவுதான்: ஒரு திட்டத்தில் சேர நீங்கள் காசோ காசுப் பெறுமதியுள்ள ஒன்றோ கொடுக்க வேண்டும், உங்களுக்குக் கிடைக்கும் பயன் பெரும்பாலும் புதிதாக ஆட்கள் சேர்வதிலோ அவர்கள் கட்டும் தொகை கூடுவதிலோ தங்கியிருக்கிறது. இந்த இரண்டும் பொருந்தினால் அது தடைசெய்யப்பட்ட திட்டம். பொதுவாக நாம் பிரமிட் என்று சொல்வது இதைத்தான்.

“எங்களிடம் பொருள் இருக்கிறதே, அப்போது இது பிரமிட் இல்லையே” என்பது கூட்டங்களில் எப்போதும் வரும் பதில். பொருள் இருந்துவிட்டால் மட்டும் தப்ப முடியாது. பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். 60,000 ரூபா கட்டிச் சேர்கிறீர்கள், கையில் ஒரு தண்ணீர் வடிகட்டி தருகிறார்கள். அதே தரத்தில் ஒன்று புறக்கோட்டையில் 15,000 ரூபாவுக்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். மிச்சம் 45,000 ரூபா எங்கே போகிறது? உங்களைச் சேர்த்தவருக்குக் கொஞ்சம், அவருக்கு மேலே இருப்பவருக்குக் கொஞ்சம், மீதி கம்பனிக்கு. நாளைக்கு உங்களுக்குக் கொமிஷன் வந்தால் அதுவும் இன்னொருவர் கட்டிய 60,000 ரூபாவிலிருந்துதான் வரும். வடிகட்டி அங்கே சாட்டுக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே நான் எல்லோருக்கும் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. கொமிஷன் ஆசையே இல்லாத ஒருவர், இந்தப் பொருளை இந்த விலைக்கு வாங்குவாரா? பக்கத்து வீட்டு அக்கா வாங்குவார், தீர்ந்ததும் திரும்பக் கேட்பார் என்றால், அந்த விற்பனையில் உங்களுக்கு ஒரு பங்கு வருவது வியாபாரம்தான். வீடு வீடாகப் போய் அழகுசாதனமோ பாத்திரமோ விற்று உழைப்பவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். வெளியாட்கள் யாரும் வாங்காமல், சேர்பவர்கள் மட்டுமே வாங்கினால் கதை வேறு. அமெரிக்காவிலும் வாதம் இதே இடத்தில்தான் சுற்றியது. 1979இல் அங்குள்ள வர்த்தக ஆணைக்குழு ஆம்வே என்ற நெட்வேர்க் மார்க்கெட்டிங் நிறுவனம் பிரமிட் அல்ல என்று முடிவு செய்ததற்கு, வெளியாட்களுக்கு விற்க வேண்டும் என்று அது வைத்திருந்த விதிகளும் ஒரு காரணம். 2016இல் அதே ஆணைக்குழுவின் வழக்கில் ஹெர்பலைஃப் என்ற இன்னொரு நெட்வேர்க் மார்க்கெட்டிங் நிறுவனம் 20 கோடி டொலர் கொடுத்து இணக்கத்துக்கு வந்தது, கொமிஷனை உண்மையான விற்பனையோடு இணைக்கவும் ஒப்புக்கொண்டது.

“நீங்க ஒண்டும் விக்கத் தேவையில்லை அண்ணா, ஆறு பேரைப் போட்டாப் போதும்.” இப்படி ஒருவர் சொன்னால், 83சி பிரிவு தடுப்பதை அவரே வாயால் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆறு பேர் என்று எண்ணிக்கொண்டே போனால் பத்தாவது படியில் மட்டும் 6 கோடியே 4 இலட்சத்து 66 ஆயிரத்து 176 பேர் வேண்டும். இலங்கையின் மொத்தச் சனத்தொகையே சுமார் 2 கோடியே 17 இலட்சம். இன்னும் முக்கியமான விஷயம், எந்த நேரத்தில் நிறுத்திப் பார்த்தாலும் ஆறில் ஐந்து பங்குக்கு மேற்பட்டோர் கடைசிப் படியில், தங்களுக்குக் கீழே ஒருவரும் இல்லாமல் நிற்பார்கள். முயற்சி காணாது என்று அவர்களைத் திட்டுவது அநியாயம். கணக்கே அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது.

அப்புறம் அந்தச் சான்றிதழ்கள். கம்பனிகள் பதிவாளரிடம் பதிந்த பத்திரம், வரி இலக்கம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் திரையில் போட்டுக் காட்டுவார்கள். கம்பனி பதிவது யாரும் செய்யக்கூடியது. பொதுமக்களிடம் இப்படிக் காசு வாங்க அது அனுமதி ஆகாது. “மத்திய வங்கியே அனுமதி தந்திருக்கிறது” என்றால் உடனே எழுந்து வந்துவிடுங்கள், பிரமிட் திட்டம் எதற்கும் மத்திய வங்கி அனுமதி கொடுப்பதில்லை. உரிமம் பெற்ற வங்கியிலும் நிதிக் கம்பனியிலும் உங்கள் வைப்புக்கு 11 இலட்சம் ரூபா வரை காப்புறுதி உண்டு, இங்கே ஒரு சதத்துக்கும் இல்லை.

விசாரித்துத் தடைசெய்யப்பட்டவை என்று தீர்மானித்தவற்றின் பெயர்களை மத்திய வங்கி வெளியிடுகிறது. ஒன்மேக்ஸ் டிடி, எம்டிஎஃப்ஈ போன்றவை அதில் இருக்கின்றன. பட்டியலில் பெயர் இல்லாததால் ஒரு திட்டம் நல்லது என்று நினைக்க வேண்டாம், இன்னும் விசாரிக்கப்படாமலும் இருக்கலாம்.

இனி, பலர் கவனிக்காத பகுதி. இந்தப் பிரிவு கம்பனி முதலாளியை மட்டும் பிடிப்பதில்லை. நேரடியாகவோ மறைமுகமாகவோ திட்டத்தைத் தொடங்குவது, முன்வைப்பது, ஊக்குவிப்பது, விளம்பரம் செய்வது, நடத்துவது, நிதி கொடுப்பது, முகாமை செய்வது எல்லாமே குற்றம். வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போஸ்டர் போட்டு, தங்கச்சியையும் சக வேலையாளையும் கூட்டத்துக்குக் கூட்டிப்போன சாதாரண ஆளும் இந்த வரிக்குள் வரலாம். தண்டனை 3 ஆண்டு வரை கடூழியச் சிறை, அல்லது 10 இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். மற்றவருக்கு நட்டம் வரும் என்று தெரிந்தே செய்திருந்தால் சிறை 3 முதல் 5 ஆண்டு வரை போகும், தண்டமும் 20 இலட்சம் ரூபா அல்லது வாங்கிய காசின் இரு மடங்கு என்ற அளவுக்கு ஏறும். சேரும்போது இதை உங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். அதுதான் எனக்கு மிகவும் கோபம் தரும் விஷயம்.

ஏற்கெனவே காசு கட்டியிருந்தால் வங்கியில் போட்ட துண்டு, ஒப்பந்தப் படிவம், வட்ஸ்அப் உரையாடல், போன் செயலியில் உங்கள் கணக்கைக் காட்டும் ஸ்கிரீன்ஷொட் எதையும் அழிக்காதீர்கள். குழுவிலிருந்து வெளியேறும் முன் எல்லாவற்றையும் சேமித்துக்கொள்ளுங்கள். மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைத்துத் தகவல் கேட்கலாம், முறையிடவும் செய்யலாம். பொலிஸிலும் முறைப்பாடு போடலாம். தண்டனையை நீதிமன்றம் தரும், ஆனால் காசு முழுவதும் திரும்பி வரும் என்ற உறுதி இல்லை. அதனால் கேள்விப்பட்ட அன்றே முறையிடுவது நல்லது.

நீங்களே ஆட்களைச் சேர்த்திருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். சேர்ந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் எடுத்து உண்மையைச் சொல்லுங்கள், இனிக் கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்களின் பேரில் வந்த கொமிஷன் உங்கள் கணக்கில் இருந்தால் செலவழிக்காமல் வையுங்கள். முறையிடப் போகும் முன் ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள். உங்களை யார் சேர்த்தார், யாரிடம் எவ்வளவு காசு வாங்கினீர்கள், எந்தத் திகதியில் என்பதை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள்.